காரைக் கடலைத் தீட்டுவது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்தை ஒட்டிய தரிசு மேடுகளில் நல்ல மழைக்குப் பிறகு நடந்தால், காலடியில் கடல் கிடக்கும். நீர் அரித்த களிமண் ஓடைகளின் விளிம்பில் கூர்முனைக் குச்சிகளாகப் பெலம்னைட்டுகள், சுருண்ட ஓடுகளாக அம்மோனைட்டுகள் (இரண்டும் கணவாயின் அழிந்துபோன உறவுகள்), இடையிடையே வெயிலில் மினுங்கும் ஜிப்சத் தகடுகள். இன்றைய வங்கக் கடல் அங்கிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் களிமண்ணே கடலடியாக இருந்தது. இந்தியா அப்போது மடகாஸ்கரோடு ஒட்டியபடி, நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருந்தது.

இந்தக் கடல் உலக அறிவியலுக்குப் புதிதல்ல. இங்கிருந்து போன சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே விவரித்து எழுதினார். 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவும் இப்பகுதியின் பாறைகளையும் உயிரினங்களையும் வரிசைப்படுத்தினார்கள். அவர்கள் வெளியிட்ட தொகுதிகளில் ஒவ்வொரு ஓடும் கல்லச்சுப் படமாக நுணுக்கமாக வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அவை தனித்தனி ஓடுகளின் படங்கள். கடலின் படத்தை அவற்றில் காண முடியாது. அந்த ஓட்டுக்குள் இருந்த உயிர், அதைச் சுற்றியிருந்த தண்ணீர், மேலிருந்து இறங்கிய ஒளி, தூரத்தில் மங்கலாகக் கடந்த இன்னொரு விலங்கு, இவை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தால்தான் அது கடல்.

அப்படியொரு படத்தை இன்று எப்படிச் செய்கிறார்கள்? இப்போது பல தொல்லுயிர் ஓவியர்கள் மூன்று கட்டமாக வேலை செய்கிறார்கள். முதலில் விலங்கையும் நிலத்தையும் முப்பரிமாண உருவமாகக் கணினியில் கட்டி ஒளியூட்டிப் படமாக எடுப்பார்கள். இது ரெண்டர். பிறகு தனித்தனியாக எடுத்த ரெண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக இசைப்பார்கள். இது கம்போசிட்டிங். கடைசியில் டிஜிட்டல் தூரிகையால் அதன்மேலேயே தீட்டி முடிப்பார்கள். இந்த மூன்றும் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பதற்குக் காரைக் கடலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கே கணக்குக்கு அகப்படுவதும் அகப்படாததும் ஒரே கல்லில் இருக்கின்றன.

அகப்படுவது ஓடு. அம்மோனைட் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றி எறிவதில்லை. வாய்ப்புறத்தில் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஆனாலும் மொத்த வடிவம் மாறுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட ஒரே விகிதத்தில் பெரிதாகிறது. டேவிட் ராப் என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் 1960-களில் இதைக் கணினியிடம் கொடுத்துப் பார்த்தார். ஒரு சுற்றுக்கு ஓடு எத்தனை மடங்கு விரிகிறது, சுருளின் அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அச்சின் வழியே எவ்வளவு கீழிறங்குகிறது, வாயின் குறுக்குவெட்டு என்ன வடிவம். இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு நத்தை, சிப்பி, அம்மோனைட் என்று உலகின் பெரும்பாலான ஓடுகளின் வடிவத்தைக் கணினியால் வரையச் செய்தார். அவருடைய முக்கியமான கட்டுரை வெளிவந்தது 1966-ல். வண்ணப்பட ரெண்டர் என்ற ஒன்றே அப்போது கிடையாது. வெறும் கோடுகள்தான். ஆனால் இன்று ஓவியர் காரை அம்மோனைட்டை முப்பரிமாணத்தில் கட்டும்போது செய்வது அடிப்படையில் அதே வேலை: குறுக்குவெட்டை ஒரு சுருளின் வழியே, சீராகப் பெருக்கிக்கொண்டே நகர்த்துவது.

இன்னொரு வழியும் உண்டு. புதைபடிவத்தைச் சுற்றிவந்து எல்லாக் கோணங்களிலும் படமெடுத்தால், அந்தப் படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளைப் பொருத்தி மென்பொருள் முப்பரிமாண உருவத்தைத் தானே கட்டிவிடும். ஃபோட்டோகிராமெட்ரி என்பது இதுதான். ஒரு நல்ல கைபேசி போதும். கல்லை இருந்த இடத்தைவிட்டு எடுக்கத் தேவையில்லை. இந்த மேடுகளிலிருந்து எவ்வளவோ பைகளில் ஏறிப் போய்விட்டது என்பதால், இந்த வழி பரவ வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஓடு கிடைத்துவிட்டது. ஒளியைக் கொடுத்து ரெண்டர் பொத்தானை அழுத்தினால் என்ன வரும்? ஒரு படம் வரும் என்று நினைப்போம். தொழில்முறையில் அப்படி எடுப்பதில்லை. ஒரே பார்வைக் கோணத்திலிருந்து பல படங்களைத் தனித்தனியாக எடுப்பார்கள். இவற்றுக்குப் பாஸ் என்று பெயர். பொருளின் மேற்பரப்பு சிதறடிக்கும் ஒளி மட்டும் ஒரு பாஸ். பளபளப்பு மட்டும் ஒன்று. மடிப்புகளிலும் இடுக்குகளிலும் தேங்கும் மெல்லிய இருட்டு மட்டும் ஒன்று. எந்தப் புள்ளி எந்தப் பொருளுக்குச் சொந்தம் என்று அடையாளம் சொல்வது ஒன்று. ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று தூரத்தை மட்டும் எண்ணாகப் பதிவது ஒன்று. இந்தக் கடைசிப் பாஸைத் தனியாகத் திறந்தால் கறுப்பு வெள்ளை மூட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் கடலடிப் படத்தின் உயிர் அதில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்க, திரைப்படக் காட்சி விளைவுகள் செய்யும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் ஓப்பன் இஎக்ஸ்ஆர் என்ற வடிவத்தை உருவாக்கி, 2003-ல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. நாம் கைபேசியில் அனுப்பிக்கொள்ளும் சாதாரணப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். வெள்ளையை எட்டியதும் அதற்குமேல் ஏறாது. ஓப்பன் இஎக்ஸ்ஆரில் அந்தக் கூரை இல்லை. நீர்ப்பரப்பில் தெறிக்கும் சூரியன் வெள்ளைக் காகிதத்தைவிட ஐம்பது மடங்கு வெளிச்சம் என்றால் ஐம்பது என்றே பதிவாகும். பிறகு அந்தப் படத்தை மங்கலாக்கினாலும் இருட்டாக்கினாலும் சூரியன் சூரியனாகவே நடந்துகொள்ளும்.

இப்போது இசைப்பு. காரைக் கடலின் பின்னணி ஒரு படம். முன்னால் நீந்தும் அம்மோனைட் இன்னொரு படம். ஒன்றின்மேல் ஒன்றை வைக்க வேண்டும். ஓட்டின் நடுவே பிரச்சினை இல்லை, விளிம்பில்தான் இருக்கிறது. கணினித் திரையின் ஒரு புள்ளி சிறு சதுரம். ஓட்டின் வளைந்த விளிம்பு அந்தச் சதுரத்தின் குறுக்கே போகும். சதுரத்தில் 60 விழுக்காடு ஓடு, 40 விழுக்காடு கடல் என்று இருக்கலாம். இந்த 60 விழுக்காட்டை நிறத்தோடு சேர்த்து நான்காவது எண்ணாகப் பதிந்துவைக்கலாம் என்று 1977-ல் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் கண்டார்கள். சிவப்பு, பச்சை, நீலம், அத்துடன் ஆல்ஃபா. 1984-ல் லூகாஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் இரண்டு படங்களை எத்தனை விதமாக இசைக்கலாம் என்று முழு இலக்கணத்தையே எழுதிவிட்டார்கள். 1996-ல் இந்த நால்வருக்கும் ஆஸ்கர் அகாடமி தன் அறிவியல் தொழில்நுட்ப விருதைக் கொடுத்தது. இன்று நாம் பார்க்கும் திரைப்படம், விளம்பரம், கைபேசிச் செயலி எதிலும் இந்தக் கணக்கு ஓடாமல் ஒரு நொடி நகராது.

கணக்கு எளிது. ஓட்டின் வெளிச்சம் 0.8, கடலின் வெளிச்சம் 0.3, ஆல்ஃபா 0.6 என்றால், 0.6 பங்கு ஓடும் 0.4 பங்கு கடலும் சேர்ந்து 0.48 கூட்டல் 0.12. விடை 0.60. ஓட்டின் விளிம்பு கடலுக்குள் இதமாகக் கரையும். ஆனால் இங்கே புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. ரெண்டர் மென்பொருள் பெரும்பாலும் விளிம்பின் நிறத்தை ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கியே கொடுக்கும். அது தெரியாமல் இசைக்கும் மென்பொருள் மறுபடியும் பெருக்கினால் 0.48 என்பது 0.288 ஆகிவிடும். மொத்த விடை 0.41க்குச் சரியும். ஓட்டைச் சுற்றிக் கரிக்கோடு இழுத்தது போல ஒரு கறுப்பு விளிம்பு தெரியும். வெட்டி ஒட்டிய படம் என்று முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுப்பது பல சமயம் இந்த ஒரு பெருக்கல்தான்.

இதிலும் வியப்பான ஓர் இடம் உண்டு. ஒரே புள்ளியில் இரண்டு விளிம்புகள் வந்தால்? ஓடு பாதிப் புள்ளியை மறைக்கிறது, அதன் முன்னால் போகும் மீனும் பாதியை மறைக்கிறது. இரண்டும் ஒரே பாதியை மறைத்தால் பின்னணி பாதி தெரியும். வேறு வேறு பாதியை மறைத்தால் பின்னணி தெரியவே தெரியாது. எது உண்மை என்று ஆல்ஃபாவுக்குத் தெரியாது. ஒரு கொசுவலைமேல் இன்னொரு கொசுவலையைப் போட்டால் நூலும் ஓட்டையும் எப்படியோ கலந்து அமைவது போல, இரண்டு மறைப்புகளுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று போர்ட்டரும் டஃப்பும் வைத்துக்கொண்டார்கள். பாதியில் பாதி, அதாவது கால் பங்கு பின்னணி தெரியும். நிகழ்தகவு ஊகம் ஒன்றின்மேல் இவ்வளவு பெரிய தொழில் நிற்கிறது, கண்ணும் அதை ஒப்புக்கொள்கிறது.

வெளிச்சத்தைக் கலப்பதில் இன்னொரு நுணுக்கம். படக்கோப்பில் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. பாதி வெளிச்சம் எது? 128 என்று தோன்றும். ஆனால் கண்ணின் இயல்புக்கு ஏற்ப இருட்டுப் பகுதிக்கு அதிகப் படிகளை ஒதுக்கித்தான் இந்த எண்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. உண்மையான பாதி ஒளி 188ஐ ஒட்டி இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் மெல்லிய கோடுகளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் 128இன் சாம்பலோடு பொருந்தாது, 188இன் சாம்பலோடு பொருந்தும். ஒளியைக் கூட்டும் கணக்கை இந்த வளைந்த எண்களிலேயே செய்தால் ஒளிவட்டங்கள் அழுக்கேறித் தெரியும். அதனால் முதலில் நேர்கோட்டு எண்களாக மாற்றி, கலந்து, பிறகு திரைக்காகத் திரும்பவும் வளைப்பார்கள்.

இனி அந்தத் தூரப் பாஸ். தண்ணீர் ஒளியைத் தின்னும், ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே வேகத்தில் தின்னாது. தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி ஒரு மீட்டர் கடப்பதற்குள் கிட்டத்தட்ட 29 விழுக்காடு காணாமல் போகும். அடுத்த மீட்டரில் மீதியில் 29 விழுக்காடு. இப்படியே போனால் 10 மீட்டரில் மிஞ்சுவது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நீல ஒளி மீட்டருக்கு அரை விழுக்காடு அளவுதான் இழக்கும். 10 மீட்டர் போனாலும் 95 விழுக்காடு அப்படியே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் எத்தனை மீட்டர் தூரம் என்பது தூரப் பாஸில் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துச் சிவப்பை ஒரு விகிதத்திலும் பச்சையை ஒரு விகிதத்திலும் நீலத்தை ஒரு விகிதத்திலும் குறைத்து, கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே சிதறும் ஒளியை மூட்டமாகச் சேர்த்தால், வறண்ட களத்தில் ரெண்டர் செய்த அம்மோனைட் சில நொடிகளில் தண்ணீருக்குள் இறங்கிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஓட்டில் செம்பழுப்புப் பட்டைகள் பளிச்சென்று இருக்கும். 15 மீட்டர் தள்ளி நீந்தும் அதே இனத்தின் ஓடு நிழலுருவாகிவிடும்.

ஆனால் எந்தத் தண்ணீர்? இங்கேதான் ஓவியர் பாறையிடம் திரும்பிப் போக வேண்டும். காரைப் படிவு நுண்ணிய களிமண். அதாவது இந்தக் கடலின் அடியில் சேறு இருந்தது. மேல்நீர் முழுவதும் கலங்கியிருந்தது என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. அடிமட்டத்துக்கு அருகே, மீன் வால் அடித்தால் மண் கிளம்பும் இடத்தில், தெளிந்த நீலத்தைத் தீட்டுவது சரியாக இருக்காது. மிதக்கும் துகளும் கரைந்த உயிர்ப்பொருளும் நீலத்தையே முதலில் பிடித்துக்கொள்வதால் கலங்கல் நீர் பச்சைக்கும் பழுப்புக்கும் சாயும். தொல்கடல் ஓவியங்கள் பெரும்பாலும் பவளத்தீவு நீலத்தில் இருப்பது ஆழ்நீச்சல் புகைப்படங்களைப் பார்த்துப் பழகியதன் விளைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

இதே கடல் பிற்பாடு அரியலூர்ப் பக்கம் விட்டுச்சென்ற படிவுகள் வேறு மாதிரி. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சிமென்ட் ஆலைகளுக்குத் தோண்டி எடுப்பது இதைத்தான். தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளின் சுவரில் அந்தச் சிப்பிகள் கலந்திருக்கின்றன. அங்கே தீட்ட வேண்டியது சிப்பிப்படுகை. காரையின் சேற்றைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைக்கக் கூடாது.

இத்தனையும் முடிந்த பிறகு திரையில் இருப்பது இயற்பியல்படி சரியான படம். அதைப் பார்க்கவோ பிடிக்காது. எல்லாம் ஒரே கூர்மையில், ஒரே கவனத்தில் இருக்கும். பார்வைக்கு எது முக்கியம் என்ற கேள்வியே கணினிக்கு எழுவதில்லை. ஓட்டின் மேடுபள்ளங்கள் ஒரே சீராக, எங்கோ தொழிற்சாலையில் வார்த்தது போல இருக்கும். உயிரோடு இருந்த ஓட்டில் ஒரு பக்கம் எதுவோ கடித்து உடைத்து, பிறகு வளர்ந்து மூடிய தழும்பு இருக்கும். மேலே சிறு சிப்பிகள் ஒட்டியிருக்கும். வளர்ச்சிக் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கி இன்னோரிடத்தில் விலகும். இவற்றையெல்லாம் ரெண்டரிலேயே கட்டலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் ஆகும். தூரிகைக்கு ஒரு மணி நேரம் போதும்.

பெயின்ட் ஓவர் என்ற இந்தக் கட்டத்தில் ஓவியர் படத்தின்மேல் புதுப்புது லேயர்களைத் திறந்து வேலை செய்வார். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-ல். அதற்கு முன்பு தீட்டியது தீட்டியதுதான், பிரித்தெடுக்க முடியாது. மல்டிப்ளை முறையில் வைத்த லேயர் கீழிருக்கும் வெளிச்சத்தைப் பெருக்கும்: 0.5இன்மேல் 0.5 வைத்தால் 0.25. நிழலும் கறையும் அழுக்கும் இதில் போகும். ஸ்க்ரீன் முறை இதற்கு நேர் எதிராக இருட்டைப் பெருக்கும். நீர்ப்பரப்பிலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளிக்கதிர்கள் இதில். அடையாளப் பாஸ் இருப்பதால் ஓட்டை மட்டும் தொட்டு, கைகளையும் கடலையும் தொடாமல் தீட்டலாம். கண் நிற்க வேண்டிய இடத்தில் விளிம்பைக் கூர்மையாக்குவார், மற்ற இடங்களில் விளிம்பைத் தண்ணீருக்குள் தொலையவிடுவார். ஓரமாகப் போகும் சுறா பாதி மட்டும் தெரிந்தால் போதும், மீதியைப் பார்ப்பவர் மனம் போட்டுக்கொள்ளும். கடைசியாகப் படம் முழுவதற்கும் ஒரே நிறச்சாயலும் மெல்லிய குருணைத் தன்மையும் கொடுத்தால், வெவ்வேறு நாளில் வெவ்வேறு மென்பொருளில் பிறந்த துண்டுகள் ஒரே காற்றை, அல்ல, ஒரே நீரைச் சுவாசிக்கும்.

அந்தத் தூரிகை என்ன செய்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால் ஆச்சரியம். டிஜிட்டல் தூரிகையின் ஒரு இழுப்பு என்பது நெருக்கமாக வரிசையாய்க் குத்தப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு முத்திரைகள். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் சில கருவிகள் 8,192 படிகளில் உணர்ந்து ஒவ்வொரு முத்திரையின் ஆல்ஃபாவையும் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு முத்திரையும் கீழிருக்கும் படத்தின்மேல் போர்ட்டர்-டஃப் கணக்குப்படியே இசைக்கப்படுகிறது. கைத்திறன் என்று நாம் பார்ப்பதும் இயந்திரத்தின் இசைப்பும் ஒரே சூத்திரத்தில் வந்து சேர்கின்றன. ஏ1 அளவு சுவரொட்டியை அச்சுத் தரத்தில் செய்தால் அதில் சுமார் 7 கோடிப் புள்ளிகள். அந்தச் சூத்திரம் அத்தனை புள்ளிகளிலும் எத்தனை முறை ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது.

படத்தின்மேல் தீட்டுவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சிறு நகர ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் டச்சிங் செய்தவர்களும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னச் சிவப்பும் பட்டுப்புடவை நிறமும் ஏற்றியவர்களும் இதே தொழில்தான் செய்தார்கள். இறந்தவரின் படத்தில் மூடிய கண்களைத் திறந்ததாகத் தீட்டிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. குடும்பத்தார் அந்தப் படத்தைத்தான் சுவரில் மாட்டுவார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கண் ஸ்டுடியோக்காரர் தீட்டிய கண்தான்.

தொல்லுயிர் ஓவியர் செய்வதும் இறந்தவரின் கண்ணைத் திறப்பதுதான். அதனால்தான் எது கல்லிலிருந்து வந்தது, எது கையிலிருந்து வந்தது என்ற கேள்வியை நான் விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மோனைட்டின் ஓடு கோடிக்கணக்கில் கிடைத்திருக்கிறது. உள்ளே இருந்த மென்னுடலோ மிக அரிது. ஜெர்மனியின் ஐக்ஷ்டேட் அருகே கிடைத்த ஓடில்லாத ஓர் அம்மோனைட் உடலை 2021-ல் விவரித்தார்கள், அதிலும் கைகள் இல்லை. பத்துக் கைகள் என்று ஓவியர்கள் தீட்டுவது கணவாயையும் அதன் சுற்றத்தையும் வைத்துச் செய்யும் ஊகம். ஓட்டின் செம்பட்டைகள் இன்றும் வாழும் சுருளோட்டு விலங்கான நாட்டிலஸிடமிருந்து கடன் வாங்கியவை. காரைக்கு அருகிலுள்ள ஊட்டத்தூர் வட்டாரத்துப் பாறைகளிலிருந்து முதுகெலும்பு மணிகள் கிடைத்து 1879-ல் ரிச்சர்ட் லிடெக்கர் பெயர் சூட்டிய இக்தியோசார் ஒன்று உண்டு. டால்பின் வடிவக் கடல் ஊர்வன. அதன் தோல் நிறம் இங்கே எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் அதன் தூரத்து உறவான ஜுராசிக் காலத்து விலங்கொன்றின் தோலை ஆராய்ந்து, மேலே கறுத்தும் வயிற்றில் வெளுத்தும் இருந்தது என்று 2018-ல் சொன்னார்கள். அதைக் கொண்டு இதைத் தீட்டுவது நியாயமான ஊகம். கைகளைத் தீட்டுவது அதைவிட மெலிந்த ஊகம். கடல்நீரின் கலங்கல் வேறொரு வகை ஊகம். முடிந்த படத்தில் மூன்றும் ஒரே உறுதியோடு நம்மைப் பார்க்கின்றன.

ஒரு படத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். 2020-ல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரியபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவி, கைபேசி கைபேசியாகச் சுற்றியது. நிலவியல் அறிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, கடலடியில் அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு சேர்ந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். இறந்த உடல் அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் வேதியியல் மாறும். நீரில் கரைந்திருந்த கனிமங்கள் அங்கே மட்டும் படிந்து கல்லாகும். ஒரு முட்டையைவிட எவ்வளவோ அழகான கதை இது. ஆனால் அந்த மக்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் என்று 2009-ல் ஆய்வாளர்களே அறிவித்திருந்தார்கள். அதைவிட முக்கியமாக, அவர்கள் மனத்தில் இருந்த ஒரே படம் ஹாலிவுட் கொடுத்த படம். டைனோசரை ஆயிரம் முறை திரையில் பார்த்திருக்கிறார்கள். தங்கள் வயலுக்கடியில் கிடக்கும் கடலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நல்லதொரு காரைக் கடல் படம் குன்னம் பள்ளிக்கூடச் சுவரில் இருந்திருந்தால், உருண்டைக் கல்லைப் பார்த்ததும் சிறுவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும்.

படம் மனத்தில் பதிந்தால் எவ்வளவு உறுதியாகப் பதியும் என்பதற்குப் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் இன்னொரு சான்று. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளுக்கு 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். ஊனுண்ணி டைனோசர் என்று முதலில் வகைப்படுத்தினார்கள். பிறகு 1990-களில் அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாறியது. அந்த எலும்புகளோ மழையிலும் வெயிலிலும் பொடிந்து, பாதுகாக்கப்படும் முன்பே இல்லாமல் போய்விட்டன என்று 2017-ல் பதிவானது. மிஞ்சியவை சில கோட்டோவியங்களும், 2022-ல் வெளியான பழைய புகைப்படங்களும். 2023-ல் இரண்டு ஆய்வாளர்கள் அதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டார்கள். உலகில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியதாக இருக்கலாம். ஸ்கேன் செய்ய ஒரு துண்டு எலும்புகூட இல்லாத விலங்கு அது. அதன் எந்தப் படத்தை எடுத்தாலும் கணக்கிட்ட பகுதி மிகக் கொஞ்சம், தீட்டிய பகுதியே ஏறக்குறைய முழுவதும். 1987-ல் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் அதைத் தீட்டியிருந்தால் அரியலூர்க்காரர்கள் இன்றும் ஒரு ராட்சத ஊனுண்ணியைத்தான் தங்கள் விலங்காக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எது கல்லிலிருந்து, எது கையிலிருந்து என்று பிரித்துக்காட்ட எண்ணெய் வண்ண ஓவியத்தில் வழியில்லை. லேயர்களில் இருக்கிறது. ஓவியர் எப்படியும் லேயர்களைப் பிரித்துத்தான் வேலை செய்கிறார். கணினிக்கு ஒரு லேயரை எந்தக் காரணத்துக்காகப் பிரித்தாலும் ஒன்றுதான். நிழல், ஒளி, நிறம் என்று பிரிப்பதோடு, கல் சொன்னது, உறவுவிலங்கு சொன்னது, கை சேர்த்தது என்றும் பிரித்துவைக்கலாம். அம்மோனைட்டின் ஓட்டு வடிவம் முதல் தொகுப்பில். இக்தியோசாரின் கறுத்த முதுகு இரண்டாவதில். பத்துக் கைகள், செம்பட்டைகள், கலங்கல் நீரின் பச்சை மூன்றாவதில். கல்லமேட்டில் நாளை ஒரு நல்ல தொடையெலும்பு கிடைத்தால் எந்தத் தொகுப்பைத் திறந்து மாற்ற வேண்டும் என்பது கோப்பைப் பார்த்தாலே தெரியும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்படிச் செய்த ஒரு காரைக் கடல் படத்தை அங்கே இரண்டாக அச்சிட்டு மாட்டலாம். முதலாவது முழுதாகத் தீட்டி முடித்த படம். பக்கத்தில் அதே சட்டம், அதே கோணம், மூன்றாவது தொகுப்பை அணைத்துவிட்டு: நிறமில்லாத நீர், கையில்லாத ஓடுகள், முதுகு மட்டும் கறுத்த ஒரு விலங்கு. இரண்டாவது படத்துக்கு ஓவியர் கூடுதலாக ஒரு கோடுகூட இழுக்க வேண்டியதில்லை.